வெட்டாத தாளும் வெளிவராத கார்டும்: பேஸ்பால் கார்டு சேகரிப்பில் முதல் பாடம்

அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952-ல் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் கார்டின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு பேஸ்பால் பந்து வரைந்திருக்கும். அதற்குள் 311 என்று எண். அந்தப் பந்தின் தையலை மட்டும் உற்றுப் பாருங்கள். சில பிரதிகளில் தையல் இடப்பக்கம் நோக்கியிருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். இரண்டும் அசல். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே தொகுப்பு, ஒரே எண். அப்படியிருக்க, ஒரே படத்தை இரண்டு விதமாக ஏன் வரைந்தார்கள்?

கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. அந்தக் கார்டு எந்தத் தாளிலிருந்து வெட்டப்பட்டதோ, பதில் அந்தத் தாளில் இருக்கிறது. 1952 தொகுப்பில் மொத்தம் 407 கார்டுகள். ஒரேயடியாக வெளியிடாமல் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். கடைசிப் பகுதி 311 முதல் 407 வரை. எண்ணிப் பார்த்தால் 97 வரும். அச்சுத்தாளிலோ 100 இடம். மூன்று இடத்தைக் காலியாக விட்டால் காகிதம் வீண். அதனால் முதல் மூன்று கார்டுகளை, அதாவது 311 மிக்கி மேண்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன் ஆகிய மூன்றையும், இரண்டு முறை வைத்து நிரப்பினார்கள். இரண்டு முறை வைத்ததால் இரண்டு மூலப்படம். தையல் மாறியது அப்படித்தான்.

இதில் இன்னொரு விஷயமும் வெளிப்படுகிறது. 2022 ஆகஸ்டில் இந்த மேண்டில் கார்டின் ஒரு பிரதி ஹெரிடேஜ் ஏலத்தில் 1.26 கோடி டாலருக்கு விலைபோனது. ஆனால் அச்சான எண்ணிக்கையைப் பார்த்தால், அடுத்த எண்ணான 314 ராய் காம்பனெல்லாவைவிட மேண்டில்தான் இரண்டு மடங்கு! அபூர்வம் வேறு, விலை வேறு. இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக நுழைபவர் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இது.

பேஸ்பால் கார்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முன்பக்கம் வீரரின் படம், பின்பக்கம் அவருடைய ஆட்டக் கணக்கு. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சிகரெட் பெட்டிக்குள்ளும், பிறகு பபிள்கம் பாக்கெட்டுக்குள்ளும் வைத்துக் கொடுத்தார்கள். 1990-களில் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மல்யுத்த டிரம்ப் கார்டு வைத்து விளையாடியவர்களுக்கு அந்த ஆசை எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலானோர் பாக்கெட்டில் வந்த கார்டைச் சேர்ப்பார்கள். சிலர் மட்டும் பாக்கெட்டுக்குப் போகாத பொருள்களைத் தேடுவார்கள்: வெட்டாத தாள், அச்சக புரூஃப், சோதனைக்கு அடித்த மாதிரி. இந்தக் கட்டுரை அவர்கள் தேடுவதைப் பற்றி.

தாள் என்னும் வரைபடம்

சிவகாசியில் காலண்டரோ கல்யாணப் பத்திரிகையோ அச்சாவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எந்தக் கார்டும் தனியாக அச்சாவதில்லை. பெரிய தாளில் வரிசை வரிசையாக அடுக்கி ஒன்றாக அடித்து, மை காய்ந்ததும் கட்டிங் மெஷினில் வெட்டுவார்கள். வெட்டுவதற்கு முன் தப்பிய தாளைத்தான் சேகரிப்பாளர்கள் ‘அன்கட் ஷீட்’ என்கிறார்கள்.

டாப்ஸ் 1957-ல் கார்டின் அளவை இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்று மாற்றியது. இன்றுவரை அதுதான் பொது அளவு. 1970, 80-களில் அந்த நிறுவனத்தின் தாள் ஒன்றில் 132 கார்டுகள் இருந்தன. ஒரு வரிசைக்கு 11, மொத்தம் 12 வரிசை. ஓரத்தையும் சேர்த்தால் மூன்றரை அடிக்கு மேல் நீளம், கிட்டத்தட்ட இரண்டேகால் அடி அகலம். ஒரு சின்னக் கதவு அளவு.

இந்த 132 என்ற எண் தெரிந்துவிட்டால், பழைய தொகுப்புகளின் விசித்திரமான எண்ணிக்கைகள் எல்லாம் பிடிபட ஆரம்பிக்கும். 1973 முதல் 1977 வரை தொகுப்புக்கு 660 கார்டு: ஐந்து தாள், கணக்கு சரி. 1982-லிருந்து 792: ஆறு தாள், அதுவும் சரி. நடுவே 1978 முதல் 1981 வரை 726 கார்டுகள். ஆறு தாளில் 792 இடம் இருக்கிறதே, மிச்சமுள்ள 66 இடத்துக்கு என்ன செய்தார்கள்? 1952-ல் செய்ததையேதான். 66 கார்டுகளை இரட்டிப்பாக அடித்தார்கள். பழைய விலைப்பட்டியல்களில் அந்தக் கார்டுகளுக்குப் பக்கத்தில் ‘டபுள் பிரிண்ட்’ என்று குறிப்பு போட்டிருப்பது இதனால்தான்.

தாள் கையில் இல்லாவிட்டாலும் அதன் தடயம் கார்டிலேயே இருக்கும். 1980-களின் டாப்ஸ் கார்டு ஏதாவது கிடைத்தால் பின்பக்கத்தில் காப்புரிமை வரி இருக்கும் இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் அதனருகே நட்சத்திரக் குறியும் பொடியாகத் தெரியும். ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்து, ஆறு தாள். அந்தக் கார்டு எந்தத் தாளில் பிறந்தது என்பதற்கு அச்சகத்துக்காரர்கள் போட்டுக்கொண்ட அடையாளம் அது. சில ரூபாய் பெறாத கார்டில்கூட இதைப் பார்க்கலாம். முதன்முதலில் நான் அதைக் கண்டுபிடித்த அன்று, பெட்டியில் கிடந்த அத்தனை கார்டுகளையும் தரையில் கொட்டி எழுத்துவாரியாகப் பிரித்தேன்.

தாளில் ஒரு கார்டு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் அதன் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். 1989-ல் அப்பர் டெக் நிறுவனம் தன் முதல் பேஸ்பால் தொகுப்பை வெளியிட்டபோது, முதல் எண்ணை கென் கிரிஃபி ஜூனியர் என்ற இளைஞருக்குக் கொடுத்தது. அப்போது அவர் சியாட்டில் மரினர்ஸ் அணிக்காக மேஜர் லீக் என்ற உயர்மட்டப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. படத்தில் அவர் அணிந்திருந்தது சான் பெர்னார்டினோ ஸ்பிரிட் என்ற சிறு அணியின் தொப்பி. நிறம் மாற்றி மரினர்ஸ் தொப்பியாக்கினார்கள். நூறு கார்டு கொண்ட தாளில் முதல் எண் என்பதால் அவருக்குக் கிடைத்தது மேல் இடது மூலை. தாளைத் தூக்கும்போதும் நகர்த்தும்போதும் முதலில் அடி வாங்குவது மூலைதான். அந்தக் கார்டில் மூலை மழுங்கியதும் வெட்டு கோணலானதும் நிறையக் கிடைப்பதற்குச் சேகரிப்பாளர்கள் சொல்லும் காரணம் இது.

நான்கு விதமான ‘வெளிவராதவை’

விற்பவர்கள் புரோட்டோடைப், புரூஃப், டெஸ்ட், சாம்பிள் என்று எல்லாச் சொல்லையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருப்பதால் இவற்றைப் பிரித்தறிய வேண்டும்.

புரூஃப் என்பது நம் அச்சகங்களில் சொல்லும் அதே புரூஃப்தான். இயந்திரத்தை முழு வேகத்தில் ஓட்டும் முன் நிறமும் எழுத்தும் சரியா என்று பார்க்க அடித்த சில பிரதிகள். பல நேரம் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். சிலவற்றில் ஒரே நிறம் மட்டும் இருக்கும்: நீலம் தனி, மஞ்சள் தனி, பிறகு இரண்டும் சேர்ந்து என்று படிப்படியாக. நான்கு நிறப் பிளேட்டில் எது எங்கே பதிகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் காட்டாது.

எனக்குப் பிடித்த புரூஃப் 1977-ன் ரெஜி ஜாக்சன். அவர் 1975 வரை ஓக்லண்ட் அணி. 1976 ஏப்ரலில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு மாற்றப்பட்டார்; அதற்குள் அந்த ஆண்டுக் கார்டு ஓக்லண்ட் உடையிலேயே வந்துவிட்டது. அந்த ஒரு பருவம் மட்டும் ஓரியோல்ஸுக்கு ஆடிவிட்டு, 1976 நவம்பர் கடைசியில் நியூயார்க் யாங்கீஸுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். டாப்ஸ் அதற்குள் அடுத்த ஆண்டுக்கான கார்டை ஓரியோல்ஸ் வீரராகவே தயாரித்து புரூஃப்வரை போயிருந்தது. செய்தி வந்ததும் நிறுத்தி, படத்தின் மேல் வண்ணம் தீட்டி யாங்கீஸ் உடையாக மாற்றி வெளியிட்டார்கள். 1976 கார்டில் ஓக்லண்ட், 1977 கார்டில் யாங்கீஸ். இடையில் அவர் நிஜமாக ஆடிய ஒரு முழு ஆண்டு, கடைக்கு வந்த கார்டில் இல்லை. அது அந்தச் சில புரூஃப்களில் மட்டுமே இருக்கிறது. இப்படி ஒரு காரணம் இருக்கும்போதுதான் புரூஃபுக்கு உயிர் வருகிறது. கடைக்கு வந்த கார்டைப் போலவே அச்சு அசலாக இருக்கும் புரூஃபுக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சோதனை வெளியீடு வேறு வகை. முழுக் கார்டாகத் தயாரித்து, ஏதோ ஒரு பகுதியில் மட்டும் விற்றுப் பார்ப்பது. 1968-ல் டாப்ஸ் இப்படி 12 வீரர்களை வைத்து முப்பரிமாணக் கார்டு செய்து பார்த்தது. மேலே வரிவரியாகப் பிளாஸ்டிக் பூச்சு. சாய்த்துப் பார்த்தால் வீரர் பின்னணியிலிருந்து விலகி முன்னே நிற்பார். பின்பக்கம் வெற்றிடம், எண் கிடையாது. ராபர்ட்டோ கிளெமெண்டே அந்தப் பன்னிரண்டில் ஒருவர். டாப்ஸ் அதை நாடு முழுவதும் கொண்டுபோகவில்லை. இரண்டே ஆண்டில், 1970-ல், கெல்லாக்ஸ் நிறுவனம் அதே மாதிரி முப்பரிமாணக் கார்டுகளைத் தானியப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்துப் புகழ்பெற்றது. 1975-ல் டாப்ஸ் தன் 660 கார்டுகளையும் சற்றுச் சிறிய அளவில் அடித்துச் சில இடங்களில் மட்டும் விற்றதும் சோதனைதான். ஆனால் அவை ஓரளவு கிடைக்கும்.

மூன்றாவது, விற்பனையாளர்களுக்குக் கொடுத்த மாதிரி. அப்பர் டெக் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள 1988-ல் டிவெய்ன் பியூஸ், வாலி ஜாய்னர் என்ற இரண்டு வீரர்களின் கார்டை அடித்துக் கொடுத்தது. பியூஸ் அந்த நிறுவனத்தின் ஆரம்பகாலப் பங்குதாரர்களில் ஒருவர் என்பது சுவாரசியமான கிளைக்கதை. 1990-களில் ஒன்பது கார்டு கொண்ட சிறு மாதிரித் தாள்களைக் கடைக்காரர்களுக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. இவை மலிவு. ‘புரோட்டோடைப்’ என்ற பெயரில் யாராவது பெரிய விலை சொன்னால் பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

நான்காவது, அச்சாகியும் பாக்கெட்டுக்குப் போகாதவை. 1951-ல் டாப்ஸ் தயாரித்த ஆல்-ஸ்டார் தொகுப்பில் ஜிம் கான்ஸ்டண்டி, ராபின் ராபர்ட்ஸ், எடி ஸ்டாங்கி ஆகிய மூவரின் கார்டுகள் முறைப்படி வெளியாகவே இல்லை. இன்று கண்ணில் படுவது எல்லாம் ஏதோ வழியில் நிறுவனத்திலிருந்து வெளியேறிய சில பிரதிகள்.

எப்படி வெளியே வந்தன?

வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கழிவாகப் போகவேண்டிய தாளை ஊழியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனது உண்டு. நிறுவனங்களே பரிசுத் திட்டத்தில் தாள்களைக் கொடுத்ததும் விற்றதும் உண்டு. மிக முக்கியமான வாசல் 1989 ஆகஸ்டில் திறந்தது. டாப்ஸ் தன் காப்பகத்தில் இருந்தவற்றை நியூயார்க்கில் கெர்ன்சிஸ் நிறுவனம் மூலம் ஏலம் விட்டது. 1953 மேண்டில் கார்டுக்காகக் கையால் தீட்டிய மூல ஓவியம் அதில் 1,10,000 டாலருக்குப் போனது. தாள்கள், புரூஃப்கள், நெகட்டிவ்கள் எல்லாம் கைமாறின. பிறகு ‘டாப்ஸ் வால்ட்’ என்ற பெயரில் நிறுவனமே இணையத்தில் தொடர்ந்து விற்றது. இப்படி ஒரு வாசலைக் காட்டும் ரசீது இருந்தால் பொருளுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். “தாத்தாவின் பெட்டியில் கிடந்தது” என்ற ஒரு வரியை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

போலி செய்பவர்கள் எப்படி யோசிப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வெறும் பின்பக்கம் வேண்டுமென்றால், சாதாரணக் கார்டின் பின்பக்கத் தோலை மட்டும் உரித்துவிடுவார்கள். அதனால் அதே ஆண்டின் சாதாரணக் கார்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தடிமனை ஒப்பிட வேண்டும், உரித்தது மெலிந்திருக்கும். ‘மஞ்சள் விடுபட்ட பிழைக் கார்டு’ வேண்டுமென்றால் வெயிலில் வைத்துவிடுவார்கள். மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலம் நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் அசல் ஆஃப்செட் அச்சில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். வீட்டுப் பிரிண்டரில் அடித்தது தூவிவிட்டது போல இருக்கும். புற ஊதா விளக்கும் உதவும்: இன்றைய வெள்ளைக் காகிதத்தில் உள்ள ஒளியூட்டும் ரசாயனம் பளீரென நீலமாக மின்னும். 1909-ல் அடித்ததாகச் சொல்லும் காகிதம் அப்படி மின்னினால் பேச்சுக்கே இடமில்லை.

கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் இழந்தது திரும்பி வராத இடம் இது. பழைய தாள் ஒன்று கிடைத்தால், அதில் இருக்கும் நட்சத்திர வீரரை மட்டும் வெட்டி எடுத்து, ‘கூர்மையான மூலை கொண்ட கார்டு’ என்று விற்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. எழுபது ஆண்டு தப்பிப் பிழைத்த ஒரு தாள் அதோடு முடிந்தது.

இந்த ஆசையின் மிகப் பிரபலமான கதை ஹோனஸ் வாக்னர் கார்டு. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட்டோடு வெளியிட்ட டி206 தொகுப்பில், மிகக் குறைவாக வெளிவந்த கார்டு அது. அதில் ஒரு பிரதி மட்டும் வயதுக்கு நம்ப முடியாத அழகோடு இருந்தது. 1991-ல் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்னாலும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். கார்டின் நிலையைப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனம் தரமிட்ட முதல் கார்டே அதுதான். எட்டு கொடுத்தது. 2007-ல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி, மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, தானே அந்தக் கார்டின் ஓரத்தைச் செதுக்கியதாக நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்டார். ஓரம் செதுக்கியது என்று தெரிந்தால் இன்று தரமிடும் நிறுவனங்கள் எண் தரம் கொடுப்பதில்லை.

அதே வாக்னருக்கு இன்னொரு உறவும் உண்டு. ஐந்து கார்டுகள் வெட்டாமல் ஒட்டியபடி இருக்கும் ஒரு புரூஃப் பட்டை. வாக்னரோடு சை யங், மோர்டெகாய் பிரவுன், ஃபிராங்க் பவர்மன், ஜானி கிளிங். மடிந்து, கசங்கி, பார்க்க ஏழையாகத்தான் இருக்கும். ஆனால் டி206-ன் முழுத் தாள் எதுவும் இன்றுவரை தெரியவராத நிலையில், அந்தக் கசங்கிய பட்டை சொல்லும் செய்தியை அந்த அழகான கார்டு சொல்லாது. எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் பட்டையைத்தான் கேட்பேன்.

வெட்டலாம் என்று அனுமதித்தே வந்தவையும் உண்டு. 1975 முதல் 1979 வரை ஹோஸ்டெஸ் கேக் பெட்டியின் அடியில் மூன்று மூன்றாக அச்சிட்ட கார்டுகளை வாங்குபவர்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றுக்குக் ‘கையால் வெட்டியது’ என்ற குறிப்போடு தரம் கொடுப்பார்கள். ஆனால் அங்கும் வெட்டாத மூன்றுக்கே மதிப்பு அதிகம்.

வாங்கி எங்கே வைப்பது?

1980-களின் கடைசி, 90-களின் ஆரம்பத் தாள்களில் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் அளவுக்கு மீறி அடித்தார்கள். அதனால் பெரிய நட்சத்திரம் இல்லாத தாள் பெரும்பாலும் கையைக் கடிக்காது. அஞ்சல் செலவுதான் சில நேரம் தாளைவிட அதிகமாகிவிடும்.

தாள் குழாயில் சுருண்டு வரும். வந்த அன்றே விரித்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். என் முதல் தாளை அப்படித்தான் இழுத்தேன். ஓரத்து வரிசையில் பளிச்சென்று ஒரு மடிப்பு விழுந்தது. மை பூசிய பரப்பு உடைந்தால் வெள்ளைக் கோடு தெரியும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. ஒரு நாள் முழுக்க அறையின் காற்றுக்குப் பழகவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, சுத்தமான காகிதத்துக்கு நடுவில் வைத்து, மேலே சமமான பாரம் ஏற்றி இரண்டு வாரம் பொறுங்கள். சட்டமிட்டால் அமிலமற்ற அட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கேளுங்கள். வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். கடலோர ஊர்களில் ஈரப்பதம் தாளை அலை அலையாக நெளியவைக்கும். வெளிச்சுவரில் ஒட்டினாற்போல் மாட்டாமல் சற்று இடைவெளி விடுங்கள்.

தாள் வாங்க வசதி இல்லை என்றாலும் கவலை வேண்டாம். வெட்டு தவறிய கார்டுகளின் ஓரத்தில் பக்கத்துக் கார்டின் கீற்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கீற்றுகளைப் பொருத்திப் பொருத்தி, எந்தக் கார்டுக்கு அருகில் எந்தக் கார்டு என்று முழுத் தாளையும் மீட்டெடுப்பவர்கள் இருக்கிறார்கள். 1990 டாப்ஸ் தொகுப்பின் 414-ஆம் எண், ஃபிராங்க் தாமஸின் முதல் டாப்ஸ் கார்டு. அதில் சில பிரதிகளில் பெயர் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் எல்லோரும் அதை ஒரு கார்டின் பிழை என்றே நினைத்தார்கள். பிறகு அதே தாளில் அவருக்கு அக்கம்பக்கத்தில் இருந்த கார்டுகளைத் தேடிப் பிடித்தபோது, அவற்றிலும் சில பிரதிகளில் கறுப்புக் கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. இன்னொன்றில் எழுத்தின் ஒரு துண்டைக் காணோம். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பொருட்படுத்தாத குறைகள். தாளில் இருந்த வரிசைப்படி அடுக்கியதும் அந்த வெற்றிடங்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து, கறுப்பு மை பதியாமல் எதுவோ தடுத்த ஒரே திட்டாகத் தெரிந்தன. தாமஸின் பெயர் அந்தத் திட்டுக்குள் விழுந்திருந்தது.